வயதேறும் நாய்க்கும் பூனைக்கும்: குறிப்பேட்டிலிருந்து தொடங்கும் பராமரிப்பு

என் பூனைக்கு 13 வயதானபோது அது அலமாரியின் மேல்தட்டில் படுப்பதை விட்டுவிட்டு, கீழே நாற்காலியில் படுக்கத் தொடங்கியது. வயதானதால் அடங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்தவர்களிடம் அதைக் கொஞ்சம் பெருமையாகச் சொல்லவும் செய்தேன். ஏறக்குறைய ஓராண்டு கழித்து வேறொரு காரணத்துக்காக எடுத்த எக்ஸ்ரேயில், அதன் இடுப்பு மூட்டுகள் இரண்டும் முழங்கை மூட்டு ஒன்றும் தேய்ந்திருப்பதைக் கால்நடை மருத்துவர் காட்டினார். அது அடங்கிப்போகவில்லை, வலியால் ஏற முடியாமல் இருந்திருக்கிறது. வலிமருந்து தொடங்கிய மூன்றாம் வாரத்தில் நடுத்தட்டு வரை ஏறியது. மேல்தட்டுக்கு அதன் பிறகு ஏறவே இல்லை.

வயதேறும் விலங்கை முதன்முறையாகப் பராமரிக்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் செய்த தவறைத்தான் பெரும்பாலானோர் செய்கிறார்கள்: விலங்கிடம் ஒரு மாற்றம் தெரிந்தவுடன் ‘வயதாகிவிட்டது’ என்று சொல்லிவிடுகிறோம், சொன்னபின் அதற்கு மேல் எதையும் பார்ப்பதில்லை. கீழே வரும் படிகள் எல்லாம் அந்தச் சொல்லைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு, மாறியது எது, எப்போதிலிருந்து, எவ்வளவு என்று பார்ப்பதற்கானவை.

எந்த வயதில் தொடங்குவது

பூனை 10 வயதைத் தாண்டினால் அதை முதிய பூனையாகக் கொள்ளலாம். நாயைப் பொறுத்தவரை உடலளவுதான் முடிவு செய்கிறது: கிரேட் டேன் போன்ற பேருருவ இனங்கள் 6 வயதிலேயே முதுமையின் வாசலுக்கு வந்துவிடும், மடியில் உட்காரும் சிறிய இனங்கள் 10 வயது வரை நடுவயதுபோலவே ஓடித் திரியும். அந்த இனத்துக்கும் உடலளவுக்கும் எதிர்பார்க்கப்படும் ஆயுளில் கடைசிக் கால்பங்கு எப்போது தொடங்குகிறதோ, அப்போது நாய்க்கு முதுமை தொடங்குகிறது என்பது கால்நடை மருத்துவர்கள் பின்பற்றும் கணக்கு.

நாயின் ஓராண்டு மனிதரின் 7 ஆண்டுகளுக்குச் சமம் என்ற பழைய வாய்ப்பாடு நாய்க்கும் சரியில்லை, பூனைக்கும் சரியில்லை. பூனைக்கு முதல் 2 ஆண்டுகளை மனிதரின் 24 ஆண்டுகளாகவும், அதன்பின் ஒவ்வோர் ஆண்டையும் 4 ஆண்டுகளாகவும் கணக்கிடுவது உண்மைக்கு நெருங்கிவரும். அப்படிப் பார்த்தால் 15 வயதுப் பூனை 76 வயது மனிதரைப் போன்றது. இதைச் சொல்வது வேடிக்கைக்காக அல்ல. ஆண்டுக்கு ஒருமுறை தடுப்பூசிக்குப் போகும்போது மட்டும் மருத்துவரைப் பார்ப்பவர், 76 வயதுப் பெரியவரை 4 ஆண்டுகளுக்கு ஒருமுறை மருத்துவரிடம் காட்டுகிறார் என்றாகிறது. முதுமை தொடங்கியபின் ஆறு மாதத்துக்கு ஒரு பரிசோதனை வேண்டும் என்று மருத்துவர்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

முதல் படி: குறிப்பேடு

மருந்து, சிறப்பு உணவு, மெத்தை ஆகியவற்றை வாங்குவதற்கு முன் ஒரு குறிப்பேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். விலங்கு நலமாக இருக்கும்போதே அதன் இயல்பான அளவுகளை எழுதிவைத்தால்தான், பிறகு மாறுவது தெரியும். நாள்தோறும் பார்க்கும் கண்ணுக்கு மெலிவு தெரியாது, எண்ணுக்குத் தெரியும்.

மாதம் ஒருமுறை எடை பாருங்கள். பூனையையோ சிறிய நாயையோ தூக்கிக்கொண்டு எடை இயந்திரத்தில் ஏறி நின்று, பிறகு தனியாக நின்று கழிக்கும் முறை நாய்க்குப் போதும். பூனைக்கு அது துல்லியமாக இராது. கைக்குழந்தைகளுக்கான எடைத்தட்டோ, 10 கிராம் வரை காட்டும் தராசோ கிடைத்தால், அதன்மேல் ஓர் அட்டைப்பெட்டியை வைத்துவிடுங்கள். எந்தப் பூனையும் தானாகவே அதில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். 5 கிலோ பூனை அரைக் கிலோ இழந்தால் அது 60 கிலோ மனிதர் 6 கிலோ இழந்ததற்குச் சமம். உணவைக் குறைக்காமலேயே பத்தில் ஒரு பங்கு எடை குறைந்தால், விலங்கு சுறுசுறுப்பாகவே இருந்தாலும் மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும்.

அடுத்தது மூச்சு. விலங்கு ஆழ்ந்து உறங்கும்போது மார்பு ஒருமுறை எழுந்து தாழ்வதை ஒன்று என்று கொண்டு, 30 நொடிகள் எண்ணி இரண்டால் பெருக்குங்கள். கனவில் கால்கள் துடிக்கும்போதும், பூனை குறுகுறுத்துக்கொண்டிருக்கும்போதும், மூச்சிரைக்கும்போதும் எண்ண வேண்டாம். நிமிடத்துக்கு 30-க்குக் கீழே இருந்தால் இயல்பு. அதற்கு மேல் தொடர்ந்து போனால் நுரையீரலிலோ அதைச் சுற்றியோ நீர் சேரத் தொடங்கியிருக்கலாம். இதய வால்வு தடித்துக் கசியும் நோய் சிறிய இன முதிய நாய்களுக்குப் பரவலாக வருவது. அது முற்றுவதை முதலில் காட்டிக்கொடுப்பது இருமலைவிட இந்த எண்ணிக்கைதான்.

குடிநீரை அளவுக் குவளையால் ஊற்றி, 24 மணி நேரம் கழித்து மிச்சத்தை அளந்து கழித்தால் குடித்த அளவு கிடைக்கும். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாய் ஒரு நாளில் 100 மி.லி.க்கு மேலும், பூனை ஏறத்தாழ 50 மி.லி.க்கு மேலும் குடித்தால் அது மிகுதி. சிறுநீரக நோய், சர்க்கரை நோய், பூனைக்கு வரும் தைராய்டு மிகைச்சுரப்பு, நாய்க்கு வரும் குஷிங் நோய் (கார்ட்டிசால் என்ற ஹார்மோன் மிகையாகச் சுரப்பது) எல்லாவற்றுக்கும் பொதுவான அறிகுறி இது. ஒன்றுக்கு மேற்பட்ட விலங்குகள் ஒரே கிண்ணத்தில் குடிக்கும் வீட்டில் யார் எவ்வளவு குடித்தார்கள் என்று பிரிக்க முடியாது. அங்கே பூனையின் மணல் தட்டில் சேரும் சிறுநீர்க் கட்டிகளின் அளவையும் எண்ணிக்கையையும் கவனித்தால் போதும்.

இவற்றோடு, விலங்கு வழக்கமாகச் செய்யும் ஐந்து செயல்களை எழுதிவையுங்கள். கட்டிலில் ஏறுவது, படியிறங்குவது, வாசலுக்கு வந்து வரவேற்பது, முதுகை நக்கிச் சுத்தம் செய்வது, பொம்மையைத் துரத்துவது என்று எதுவாகவும் இருக்கலாம். மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொன்றுக்கும் எதிரே ‘செய்கிறது, தயங்குகிறது, செய்வதில்லை’ என்று குறித்தால் போதும். கைப்பேசியில் அது நடப்பதையும் படியேறுவதையும் அரை நிமிடம் படமெடுத்துவைப்பதும் நல்லது. மருத்துவமனைக்குள் நுழைந்தவுடன் பயத்தில் நொண்டல் மறைந்துவிடும் நாய்கள் உண்டு. அங்கே அந்தக் காணொளிதான் சாட்சி.

இரண்டாம் படி: அரையாண்டுப் பரிசோதனை

இதயத்தைக் கேட்பது, வாயைத் திறந்து பார்ப்பது, வயிற்றைத் தடவிப் பார்ப்பது ஆகியவற்றோடு ரத்தப் பரிசோதனை, சிறுநீர்ப் பரிசோதனை, ரத்த அழுத்தம் என்ற மூன்றையும் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். பூனையாக இருந்தால் தைராய்டு அளவும் சேர வேண்டும்.

சிறுநீர்ப் பரிசோதனையைப் பலர் வேண்டாம் என்று விட்டுவிடுகிறார்கள், விடக்கூடாதது அதுதான். சிறுநீரகத்தின் செயல்திறனில் ஏறத்தாழ முக்கால் பங்கு போன பிறகே ரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவுப்பொருள் இயல்பளவைத் தாண்டுகிறது. சிறுநீரைச் செறிவாக்கும் திறன் அதற்கு வெகு முன்னதாகவே குறையத் தொடங்கிவிடும். மேலும், கிரியாட்டினின் தசையிலிருந்து வருவதால், தசை வற்றிய கிழப்பூனைக்கு அந்த எண் பொய்யாகக் குறைந்து காட்டும். 2015 முதல் மருத்துவமனைகளில் பயன்பாட்டுக்கு வந்த எஸ்டிஎம்ஏ என்ற ரத்தப் பரிசோதனை தசையின் அளவைச் சாராதது. நோயையும் முன்கூட்டிக் காட்டுவது. ஒற்றை எண்ணைக் கண்டு அஞ்சவும் வேண்டாம், நிம்மதியடையவும் வேண்டாம். சென்ற முறை வந்த எண்ணின் அருகே இந்த முறை வந்ததை எழுதிப் பாருங்கள்.

ரத்த அழுத்தம் பூனைக்கு இன்றியமையாதது. மேல் அளவு 160-க்கு மேல் நிலைத்திருந்தால் மருந்து தேவைப்படும். 180-ஐத் தாண்டினால் விழித்திரை பிரிந்து, ஓர் இரவுக்குள் பார்வை போய்விடும் ஆபத்து உண்டு. வெளிச்சத்திலும் கண்மணி விரிந்தே இருக்க, சுவரோரமாகத் தடவித் தடவி நடக்கும் பூனையை அன்றே மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும்.

தைராய்டு மிகைச்சுரப்பு பூனைக்கு வருவதாக முதன்முதலில் விவரிக்கப்பட்டது 1979-இல், நியூயார்க்கில். அதுவரை இந்தப் பூனைகளையெல்லாம் ‘நன்றாகச் சாப்பிடுகிறது, வயதானதால் மெலிகிறது’ என்று சொல்லி விட்டிருப்பார்கள் என்று நினைக்கும்போது எனக்கு என் அலமாரிப் பூனை நினைவுக்கு வரும். பசி கூடி, எடை குறைந்து, ரோமம் கலைந்து, இரவில் கத்தும் பூனைக்கு இந்த நோய் இருக்க மிகுந்த வாய்ப்புண்டு. மாத்திரை, அறுவை, கதிரியக்க அயோடின் என்று சிகிச்சைக்கு வழிகள் உள்ளன. ஆனால் மிகைச்சுரப்பு சிறுநீரகத்துக்கு ரத்த ஓட்டத்தைக் கூட்டி அதன் குறையை மறைத்துவைத்திருக்கும். சிகிச்சை தொடங்கியபின் சிறுநீரக எண்கள் கூடிவந்தால் மருந்தைத் தாமாக நிறுத்திவிடாமல் மருத்துவரிடம் பேச வேண்டும்.

உடலில் கட்டி தென்பட்டால் அதன் இடத்தையும் குறுக்களவையும் தேதியோடு குறிப்பேட்டில் வரைந்துவையுங்கள். பட்டாணி அளவு, அதாவது 1 செ.மீ., இருந்து ஒரு மாதத்துக்கு மேல் நிலைத்தால் ஊசியால் உறிஞ்சிப் பார்க்கச் சொல்லுங்கள். முதிய நாய்களுக்கு வரும் கட்டிகளில் பல வெறும் கொழுப்புக் கட்டிகளே. ஆனால் கொழுப்புக் கட்டிதான் என்று விரலால் தொட்டு உறுதியாகச் சொல்ல எவராலும் முடியாது, அனுபவமிக்க மருத்துவராலும்.

மூன்றாம் படி: வலியை வலி என்று அறிதல்

2002-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், 12 வயதைக் கடந்த 100 பூனைகளின் எக்ஸ்ரே படங்களைப் பார்த்தபோது 90 பூனைகளுக்கு மூட்டுச் சிதைவின் தடயம் இருந்தது. அவற்றில் பெரும்பாலானவை நொண்டியிருக்காது. பூனை நொண்டுவது அரிது. அது தன் வாழ்க்கையைச் சுருக்கிக்கொள்ளும். ஒரே தாவலில் ஏறிய இடத்துக்கு இடையில் ஒரு நாற்காலியைத் தேடும். இறங்கும்போது முன்கால்களைச் சுவரில் வழுக்கவிட்டு இறங்கும். வால் பக்கத்து முதுகுக்குத் திரும்பி நக்க முடியாமல் அங்கே மட்டும் ரோமம் சிக்குப்பிடிக்கும். மணல் தட்டின் விளிம்பைத் தாண்ட வலித்தால், தட்டுக்கு வெளியே ஒரு சாண் தள்ளிப் போய்விடும். நாய் இதைவிட வெளிப்படையாகக் காட்டும்: எழுந்த முதல் பத்து அடி விறைப்பாக இருந்து பிறகு சரியாகும், காரில் ஏறும்முன் நின்று யோசிக்கும், பின்னங்கால் நகங்களின் மேற்புறம் தரையில் உரசித் தேய்ந்திருக்கும், தொட்டால் உறுமாத நாய் உறுமும்.

இத்தகைய விலங்குக்கு முதல் மருந்து எடைக்குறைப்பு. விலாவெலும்புகள் பார்வைக்குத் தெரியாமல், விரலால் லேசாகத் தடவினால் தட்டுப்பட வேண்டும். மேலிருந்து பார்த்தால் இடை ஒடுங்கித் தெரிய வேண்டும். அடுத்து மருத்துவர் தரும் அழற்சிநீக்கி மருந்துகள். அவற்றுக்கு முன்னும் இடையிலும் சிறுநீரகமும் கல்லீரலும் பரிசோதிக்கப்பட வேண்டும். அண்மை ஆண்டுகளில், வலியைக் கடத்தும் ‘நரம்பு வளர்ச்சிக் காரணி’ என்ற புரதத்தைத் தடுக்கும், மாதம் ஒருமுறை போடும் ஊசிகளும் வந்துள்ளன. அமெரிக்காவில் பூனைக்கான ஊசிக்கு 2022-இலும் நாய்க்கான ஊசிக்கு 2023-இலும் அனுமதி கிடைத்தது. உங்கள் விலங்குக்கு எது பொருந்தும் என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

இந்த இடத்தில் ஒரு கண்டிப்பான எச்சரிக்கை. மனிதருக்கான வலிமாத்திரையை விலங்குக்குக் கொடுக்காதீர்கள். ஒரே ஒரு பாராசிட்டமால் மாத்திரை பூனையைக் கொன்றுவிடக்கூடும். அதைச் சிதைத்து வெளியேற்றும் நொதி பூனையின் கல்லீரலில் போதிய அளவு இல்லை. ஐபுப்ரோஃபென் நாய்க்கும் பூனைக்கும் இரைப்பையில் புண்ணையும் சிறுநீரகச் செயலிழப்பையும் உண்டாக்கும். நாயின் மருந்தைப் பூனைக்குப் பாதியாக்கிக் கொடுப்பதும் அதே தவறுதான். நாய்க்கு உண்ணி விரட்டும் சொட்டுமருந்துகளில் சிலவற்றில் உள்ள பெர்மெத்ரின், அந்த நாயோடு ஒட்டிப் படுக்கும் பூனைக்கு வலிப்பை வரவழைக்கும்.

நான்காம் படி: வீட்டைத் தாழ்த்துதல்

முதிய விலங்குக்கு வீட்டில் பெரிய எதிரி வழுக்கும் தரை. விலங்கு அன்றாடம் போகும் தடத்தை, அதாவது படுக்கையிலிருந்து தண்ணீருக்கும், தண்ணீரிலிருந்து வாசலுக்கும் உள்ள வழியை மட்டும் கவனித்து, அடியில் ரப்பர் பிடிமானமுள்ள விரிப்புகளை இடைவெளியில்லாமல் போட்டால் போதும். வீடு முழுவதும் தேவையில்லை. நாயின் பாதத் திண்டுகளுக்கு இடையில் வளரும் ரோமத்தை மாதம் ஒருமுறை கத்தரித்துவிடுங்கள். அது பாதத்துக்கும் தரைக்கும் இடையில் காலுறைபோல நின்று வழுக்கும்.

உணவுக் கிண்ணத்தை விலங்கின் முழங்கை உயரத்துக்கு ஏற்றிவைத்தால் கழுத்து வலியுள்ள விலங்குக்கு எளிது. மணல் தட்டின் ஒரு பக்கத்தை மூன்று விரற்கடை உயரம் மட்டும் விட்டு வெட்டி, வெட்டிய ஓரத்தை நாடாவால் மூடிவிடுங்கள். தட்டுகளின் எண்ணிக்கை பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒன்று கூடுதலாகவும், மாடி வீடாக இருந்தால் தளத்துக்கு ஒன்றாகவும் இருக்கட்டும். படுக்கை தடிமனாகவும், காற்றோட்டத்தின் நேர்வழியில் இல்லாமலும் இருக்க வேண்டும். பூனை விரும்பும் உயரமான இடத்தைத் தடுத்துவிடாமல், இடையில் படிபோல ஒரு பெட்டியை வையுங்கள். உயரத்தில் இருப்பது அதற்குப் பாதுகாப்பு உணர்வைத் தருவது.

நகத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கிழப்பூனை நகத்தைக் கீறித் தேய்ப்பதைக் குறைத்துவிடுவதால் பழைய உறைகள் உதிராமல் நகம் தடித்து வளைந்து, வட்டமாகச் சுற்றிவந்து பாதத் திண்டுக்குள்ளேயே குத்தி இறங்கிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் ரோமத்துக்குள் எதுவும் தெரியாது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, பூனை அரைத்தூக்கத்தில் இருக்கும்போது ஒரு பாதத்தை எடுத்து, விரலின் மேலும் கீழும் மெல்ல அழுத்தினால் நகம் வெளிவரும். உள்ளே இளஞ்சிவப்பாகத் தெரியும் ரத்தக்குழாயை விட்டு, வளைந்த நுனியை மட்டும் வெட்டுங்கள். முன்காலின் உட்புறத்தில் தனித்து நிற்கும் கட்டைவிரல் நகம்தான் பெரும்பாலும் இப்படிக் குத்துவது. நான்கு பாதங்களையும் ஒரே நாளில் முடிக்க வேண்டிய கட்டாயம் ஏதும் இல்லை. நாளைக்கு ஒரு பாதம் என்றால் பூனையும் நீங்களும் நண்பர்களாகவே இருப்பீர்கள்.

ஐந்தாம் படி: உணவும் நீரும் பல்லும்

முதுமை வந்துவிட்டது என்பதற்காகப் புரதத்தைக் குறைக்கும் பழக்கம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. நலமாக உள்ள முதிய விலங்குக்கு அது கேடு. வற்றும் தசையைத் தக்கவைக்க, செரிக்கக்கூடிய தரமான புரதம் இளமையைவிடக் கூடுதலாகவே வேண்டும். முதுகெலும்பின் இரு பக்கத்தையும் விரலால் தடவிப் பாருங்கள்: தசை வற்றினால் எலும்புமுடிச்சுகள் மணிமாலைபோலத் தட்டுப்படும். சிறுநீரக நோய் உறுதியான பின், பாஸ்பரஸ் குறைத்த சிறப்பு உணவை மருத்துவர் தரச்சொன்னால் அது வேறு கணக்கு. அப்போதும் புது உணவைத் திடீரென வைக்காமல், பழையதோடு நாளுக்கு நாள் கூட்டி, நாய்க்கு ஒரு வாரத்திலும் பூனைக்கு இரண்டு மூன்று வாரங்களிலும் மாற்றுங்கள். சிறப்பு உணவைத் தொடாமல் பட்டினி கிடப்பதைவிடப் பழைய உணவைச் சாப்பிடும் பூனையே மேல்.

ஏனெனில் பூனையின் பட்டினி தனி ஆபத்து. இரண்டு மூன்று நாள் சாப்பிடாத பூனை, குறிப்பாகப் பருமனான பூனை, உடல் கொழுப்பைக் கரைத்துக் கல்லீரலில் குவித்து மஞ்சள் காமாலைக்கு உள்ளாகக்கூடும். ஒரு முழுநாள் எதையும் உண்ணாத பூனைக்காக மருத்துவரை அழைப்பது மிகையான கவலை அல்ல. மணம் குறைவாக உணரும் கிழப்பூனைக்கு ஈர உணவை உடல்வெப்பத்துக்குச் சூடாக்கி, அகன்ற தட்டையான தட்டில் மீசை இடிக்காதபடி வைத்தால் பலமுறை அதுவே போதுமானதாக இருக்கும். ஈர உணவில் முக்கால் பங்கு நீர் என்பதால் சிறுநீரகத்துக்கும் நல்லது. தண்ணீர்க் கிண்ணத்தை உணவிலிருந்து தள்ளி, வீட்டில் மூன்று நான்கு இடங்களில் வையுங்கள். நீர் அருந்தத் தயங்கினால் வெங்காயம், பூண்டு, உப்பு சேராத இறைச்சிச் சாற்றைச் சிறிது கலக்கலாம்.

வாய்நாற்றம் முதுமையின் அடையாளம் அல்ல, பல்நோயின் அடையாளம். பல் சுத்தம் செய்யவும் பிடுங்கவும் மயக்கமருந்து தேவைப்படுவதால் ‘இந்த வயதிலா?’ என்று தயங்குவது இயல்பே. ஆனால் முன்பரிசோதனை செய்து, ரத்தக்குழாயில் திரவம் ஏற்றி, ரத்த அழுத்தத்தைக் கவனித்துக்கொண்டே செய்யும் மயக்கத்தின் ஆபத்தை, சீழ்பிடித்த பல்லோடு ஈராண்டு வாழ்வதோடு ஒப்பிட்டு முடிவெடுங்கள். பல்லெல்லாம் பிடுங்கப்பட்ட பூனை உலர் உணவையே விழுங்கித் தின்பதைப் பார்த்திருக்கிறேன்.

ஆறாம் படி: நினைவு, பார்வை, செவி

இரவில் நோக்கமின்றி நடப்பது, மூலையில் போய் நின்று திரும்பத் தெரியாமல் இருப்பது, கதவின் கீல் பக்கத்தில் காத்திருப்பது, பழகியவரை அறியாததுபோலப் பார்ப்பது, பகலும் இரவும் மாறி உறங்குவது, வீட்டுக்குள் சிறுநீர் கழிப்பது ஆகியவை மூளை மூப்பின் அறிகுறிகள். அந்த முடிவுக்கு வருவதற்கு முன் வலி, ரத்த அழுத்தம், தைராய்டு, சிறுநீர்த்தொற்று ஆகியவை விலக்கப்பட்டிருக்க வேண்டும். உறங்கும்போது தானறியாமல் படுக்கை நனையும் நாய்க்கு, குறிப்பாகக் கருத்தடை செய்த பெண் நாய்க்கு, கோளாறு மூளையில் இல்லாமல் சிறுநீர்வாய்த் தசையில் இருக்கலாம். அதற்கு நல்ல மருந்து உண்டு. திட்டுவதால் எந்தப் பயனும் இல்லை, அதற்குத் தான் செய்ததே தெரியாது.

மூளை மூப்பு உறுதியானால் அறைகலன்களை இடம் மாற்றாதீர்கள். இரவில் மங்கலான விளக்கு எரியட்டும். பகலில் குறுகிய நடைகளும் மோப்பம் பிடித்துத் தேடி உண்ணும் விளையாட்டும் இரவுத் தூக்கத்துக்கு உதவும். நாய்க்கான மூளை மூப்புக்கு 1998 முதல் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்ட செலெஜிலின் என்ற மருந்து உண்டு. நோயைத் திருப்பாது, சில நாய்களுக்கு அறிகுறியைத் தணிக்கும்.

கண்மணிக்குள் நீலம்பாரித்த மங்கலைக் கண்டு புரை என்று அஞ்ச வேண்டாம். அது பெரும்பாலும் வில்லையின் நடுப்பகுதி இறுகுவதால் வருவது, பார்வையைப் பெரிதாகப் பாதிக்காது. வெண்மையாகத் திரையிட்டிருந்தால் புரையாக இருக்கலாம். காது கேளாத நாயைப் பின்னாலிருந்து தொடாதீர்கள். தரையைக் காலால் தட்டி அதிர்வைக் கொடுத்துவிட்டு அதன் பார்வைக்குள் வாருங்கள். கேட்கும் காலத்திலேயே சொல்லோடு கைச்சைகையையும் பழக்கிவிட்டால், செவி போனபின்னும் பேச்சு தொடரும்.

காத்திருக்கக் கூடாதவை

ஆண் பூனை மணல் தட்டில் முக்கிக்கொண்டிருந்தும் சிறுநீர் வராவிட்டால் அது மணிநேரக் கணக்கில் உயிர்போகும் நிலை. பூனையின் பின்னங்கால்கள் திடீரென விழுந்து, தொட்டால் குளிர்ந்து, அது அலறினால் காலுக்குப் போகும் தமனியில் ரத்தக்கட்டி அடைத்திருக்கிறது. பெரிய நாயின் வயிறு உப்பி, வாந்தி வராமல் குமட்டிக்கொண்டே இருந்தால் இரைப்பை முறுக்கியிருக்கலாம். ஈறு வெளுத்து நாய் சரிந்து விழுந்தால் உள்ளே ரத்தம் கசிந்துகொண்டிருக்கலாம். மண்ணீரல் கட்டி வெடிப்பது முதிய பெரிய நாய்களுக்கு அரிதன்று. குரைப்பு கரகரத்து, மூச்சிழுக்கும்போது ஒலியெழுப்பும் முதிய லாப்ரடார் போன்ற நாய்க்குக் குரல்வளை செயலிழந்திருக்கக்கூடும். அதை வெயிலில் நடத்தவே கூடாது. வாயைத் திறந்து மூச்சுவிடும் பூனையையும் அக்கணமே கொண்டுசெல்லுங்கள்.

இதற்கு மாறான ஒன்றும் உண்டு. கிழநாய் ஒருநாள் காலையில் தலை ஒருபுறம் சாய்ந்து, கண்மணிகள் இடவலமாகத் துடிக்க, எழ முடியாமல் உருண்டு விழும். பார்ப்பவர் பக்கவாதம் என்று எண்ணி, இனி விடைகொடுத்துவிடலாம் என்று முடிவுக்கு வந்துவிடுவார்கள். பலமுறை அது உட்செவியின் சமநிலைக் கோளாறு. மருத்துவர் பார்த்து மற்ற காரணங்களை விலக்கியபின் பொறுத்திருந்தால், மூன்று நாளில் தேறத் தொடங்கி, இரண்டு மூன்று வாரத்தில் சிறிது சாய்ந்த தலையோடு நடந்துவிடும். அன்றே இறுதி முடிவெடுக்காதீர்கள்.

மருந்து கொடுத்தல்

பூனைக்கு மாத்திரை கொடுத்தவுடன் 5 மி.லி. நீரை ஊசியில்லாத சிரிஞ்சால் கன்னத்தின் ஓரமாகச் செலுத்துங்கள். வறண்ட மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டி நின்று புண்ணாக்கும். சிறுநீரக நோயுள்ள பூனைக்குத் தோலுக்கடியில் திரவம் ஏற்றுவதை மருத்துவர் கற்றுத்தருவார். முதல் இரண்டு முறை கை நடுங்கும், பத்தாவது முறைக்குள் பூனை தூங்கிக்கொண்டே ஏற்றிக்கொள்ளும். கொடுத்த மருந்தைக் குறிப்பேட்டில் உடனே குறித்துவிடுங்கள். ஒரே வீட்டில் இருவர் கவனிக்கும்போது, இரண்டு முறை கொடுப்பதும் ஒருவரும் கொடுக்காமல் விடுவதும் சம அளவில் நடக்கும்.

கடைசிப் பக்கங்கள்

முடிவெடுக்கும் நாள் வரும்போது மனம் தெளிவாக இராது; எனவே முன்பே ஓர் அளவுகோலை வைத்துக்கொள்ளுங்கள். புற்றுநோய்க் கால்நடை மருத்துவரான அலிஸ் வில்லலோபோஸ் 2004-இல் வெளியிட்ட அளவுகோல் பரவலாகப் பயன்படுகிறது: வலி, பசி, நீர், தூய்மை, மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாட்களைவிட நல்ல நாட்கள் மிகுந்திருத்தல் என்ற ஏழுக்கும் தலா 10 மதிப்பெண். கூட்டுத்தொகை 35-ஐத் தாண்டினால் பராமரிப்பைத் தொடரலாம் என்பது அதன் கணிப்பு. வலி என்பதில் மூச்சுத்திணறலும் அடங்கும். அது ஒன்றே மற்ற ஆறையும்விடக் கனமானது என்பேன். வாரம் ஒருமுறை, வீட்டில் உள்ளவர்கள் தனித்தனியாக மதிப்பெண் போட்டு ஒப்பிடுங்கள். என் வீட்டில் நான் போட்ட எண் எப்போதும் மற்றவர்கள் போட்டதைவிடக் கூடுதலாக இருந்தது. கடைசி மாதத்தில் அதைக் கவனித்த பிறகுதான் என் எண்ணை நான் நம்புவதை நிறுத்தினேன்.

கருணைக்கொலைக்கு முடிவுசெய்தால், மருத்துவர் வீட்டுக்கு வருவாரா என்று முன்னதாகவே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். முதலில் மயக்க ஊசி, விலங்கு உறங்கியபின் ரத்தக்குழாயில் மிகையளவு மயக்கமருந்து. சில நிமிடங்களில் இதயம் நின்றுவிடும். கண் மூடாது, சிறுநீர் கழியலாம், உயிர் போனபின் ஓரிரு முறை மூச்சு வருவதுபோல மார்பு அசையலாம். இவற்றை முன்பே அறிந்திருந்தால் அந்த நேரத்தில் அதிர்ச்சி இராது. அடியில் உறிஞ்சும் துணியும் மேலே அதன் வழக்கமான போர்வையும் விரித்துவையுங்கள்.

மிஞ்சிய மருந்துகளை வீட்டிலுள்ள வேறு விலங்குக்கென்று எடுத்துவைக்காமல் மருத்துவமனையிடம் கொடுத்துவிடுங்கள். திறக்காத சிறப்பு உணவு டப்பாக்கள் இருந்தால் அவற்றையும் கொண்டுபோய்க் கேட்டுப் பாருங்கள். அங்கே சிறுநீரக நோயோடு வரும் வேறொரு பூனைக்கு அவை உதவும்.